கோவை – சென்னை விமானம்: பறக்கப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு மதிப்பீடு

கோவை – சென்னை விமானத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் டிக்கெட் விலை, கால் நீட்ட இடம், சாண்ட்விச் ருசி என்று மூன்று வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ரன்வேயில் வேகம் எடுக்கும்போதே கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்ளும் ஆளுக்கு இதில் ஒன்றும் பிரயோஜனமில்லை. இது அவருக்காக எழுதியது: எந்த மாதம், எந்த நேரம், எந்த ரக விமானம், எந்த சீட், எந்தச் சத்தம் எதனால் வருகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஜனவரி, பிப்ரவரியில், காலை முதல் விமானம், ஏர்பஸ் ஜெட், இறக்கைக்கு மேலே சீட் என்று அமைந்தால் ஐந்துக்கு நாலரை மார்க். ஜூலை மத்தியானம் மூன்று மணிக்கு ஏடிஆர் என்ற புரொப்பெல்லர் விமானத்தில் கடைசி வரிசை என்றால் இரண்டுதான். இரண்டுமே பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டிகள்தான். குலுங்கலுக்கும் சத்தத்துக்கும்தான் இந்த மார்க் வித்தியாசம்.

இங்கத்திக் காற்றைப் பற்றிக் கொங்கு நாட்டாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் மட்டும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாக நேரே உள்ளே வருகிறது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலையாக நட்டு வைத்திருப்பது அதை நம்பித்தான். அம்மி பறக்கிற ஆடி மாதத்தில் விமானம் ஆடாமல் போகுமா? வடக்கே நீலகிரி, மேற்கே வெள்ளியங்கிரி, தெற்கே ஆனைமலை. வாய்க்காலில் கல் கிடந்தால் அதைத் தாண்டிய தண்ணீர் சுழித்துக்கொண்டு போகுமே, அப்படித்தான் மலையைத் தாண்டி வரும் காற்றும் சமவெளிக்கு மேலே சுழிக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பீளமேடு விமான நிலையத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் முதல் சில ஆயிரம் அடிக்குள் வண்டி உதறுவதற்குக் காரணம் இதுதான். மேலே போனதும் அடங்கிவிடும்.

இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. கோவை ரன்வேயின் எண் 05/23. இந்த எண்கள் திசைகாட்டியின் டிகிரியைச் சொல்பவை. 23 என்றால் ஏறக்குறைய 230 டிகிரி, அதாவது தென்மேற்கு. பருவக்காற்று வருவதும் பெரும்பாலும் அந்தப் பக்கமிருந்துதான். காற்றுக்கு எதிராக ஓடினால் விமானம் சீக்கிரம் தரையை விடும், இறங்கும்போது தரையில் ஓடும் வேகமும் குறையும். ஆக, ஆடுகிற காற்றாக இருந்தாலும் அனுகூலமான திசையிலிருந்து வருகிற காற்று. ஒன்று மட்டும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். சென்னை வடகிழக்கே இருக்க, விமானம் கணவாய்ப் பக்கமாகக் கிளம்பிப் பிறகு திரும்பும். அப்படித் திரும்பும்போது ஒரு பக்கத்து இறக்கை 25 டிகிரி வரை சாயும். ஜன்னலில் வானம் போய்த் தரை மட்டும் தெரியும் அந்த அரை நிமிடத்தில் பலருக்கும் வயிறு கலங்கிவிடுகிறது. சாய்ந்தால்தான் விமானம் திரும்பும்; அதற்கு ஸ்டியரிங் கிடையாது.

மார்ச் முதல் மே வரை கதை வேறு. காலையில் வானம் மெழுகிவிட்ட தரையாக இருக்கும். பதினொரு மணிக்கு மேல் வெயிலில் காய்ந்த மண்ணிலிருந்து சூடான காற்று தூண் தூணாக மேலேறும். ஒவ்வொரு தூணையும் கடக்கும்போது ஒரு தூக்கு, ஒரு இறக்கம். மூன்று, நான்கு மணிக்கு மேல் கோடை மழை மேகம் கட்டினால் விமானி அதைச் சுற்றிக்கொண்டு போவார், நேரம் கூடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொந்தரவு சென்னைப் பக்கம். வடகிழக்குப் பருவமழையில் அங்கே இறங்கக் காத்திருக்க வேண்டி வரலாம். ஜனவரி நல்ல மாதம்தான், ஆனால் போகியன்று விடிகாலை விமானம் எடுக்காதீர்கள். சென்னைக்காரர்கள் பழையதைக் கொளுத்தும் புகை மீனம்பாக்கம் ரன்வேயை மறைத்து விமானங்கள் தாமதமானது பல வருடம் நடந்திருக்கிறது. பயந்தவருக்குப் பறப்பதைவிட, கேட் முன்னால் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் கொடுமை.

விமான நிலையத்துக்கு நல்ல மார்க். ஒரே டெர்மினல், நடக்கும் தூரம் குறைவு, பெரிய ஊர்களில் இருக்கிற இரைச்சல் இல்லை. ரன்வே ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளம், சமதரை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் நடந்த விபத்துக்குப் பிறகு, “நம்மூர்தும் அதே மாதிரி மலை மேல இருக்குதுங்களா?” என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோழிக்கோடு மேசைத்தள ரன்வே, அதாவது மேட்டைச் சமன்செய்து போட்டது, முனையைத் தாண்டினால் பள்ளம். கோவை அப்படியில்லை.

அடுத்தது விமான ரகம். இந்த வழித்தடத்தில் ஏர்பஸ் ஏ320 குடும்பத்து ஜெட்டும் வரும், புரொப்பெல்லர் வைத்த ஏடிஆர் 72-ம் வரும். சேலம் காமலாபுரத்திலிருந்து போகிறவர்களுக்கு ஏடிஆர்தான். டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் ரகத்தின் பெயர் இருக்கும்; இல்லையென்றால் சீட் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். நடைவழிக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று சீட் என்றால் ஏர்பஸ். இரண்டிரண்டு என்றால் ஏடிஆர்.

ஏடிஆர் மோசமான விமானம் இல்லை. குட்டை ரன்வேயில் இறங்கவும் டீசலை, மன்னிக்கவும், விமான எரிபொருளை மிச்சம் பிடிக்கவும் செய்த வண்டி. ஆனால் அது 25,000 அடிக்கு மேல் போகாது, குறுகிய தூரத்தில் அதற்கும் கீழேதான் பறக்கும். மேகமும் குலுங்கலும் அதிகமாக இருப்பது அந்த உயரத்தில்தான். எடையும் குறைவு, வேகமும் குறைவு; ஜெட் கடந்துபோய்விடும் மேகத்தில் இது கொஞ்சம் கூடுதல் நேரம் உதறிக்கொண்டிருக்கும். இன்னொரு விஷயம், நிலையத்தில் நிற்கும்போதே வலது இன்ஜின் உறுமும், ஆனால் புரொப்பெல்லர் சுற்றாது. பழுது என்று நினைத்துப் பலர் மிரளுகிறார்கள். புரொப்பெல்லருக்குப் பிரேக் போட்டுவிட்டு, அந்த இன்ஜினை வைத்து மின்சாரமும் ஏசியும் எடுக்கிறார்கள், அவ்வளவுதான். ஏடிஆரில் ஏறும் வழி பின்பக்கம். புரொப்பெல்லருக்கு நேராக வரும் முன்வரிசைகளில் இரைச்சலும் அதிர்வும் அதிகம், கடைசி வரிசைகளில் ஆட்டம் அதிகம். நடுவில் எடுங்கள். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் ஜன்னல் வழியே சக்கரம் வெளியே வருவதும் தரையைத் தொடுவதும் கண்ணெதிரே தெரியும். கண்ணால் பார்த்தால் நிம்மதி அடைகிற ரகத்து ஆளுக்கு இது ஏர்பஸ்ஸில் கிடைக்காத வசதி.

ஏர்பஸ்ஸில் 10, 11 அல்லது 14, 15-ஆம் வரிசை. விமானத்தின் எடை மையம் அந்தப் பகுதியில் இருப்பதால் மூக்கும் வாலும் ஏறி இறங்குவது அங்கே குறைவாகத் தெரியும். நடுவில் உள்ள அவசரக் கதவு வரிசைகளில் கால் நீட்ட இடம் தாராளம்தான், ஆனால் வேண்டாம். “ஆபத்து நேர்ந்தால் இந்தக் கதவை நீங்கள்தான் திறக்க வேண்டும்” என்று பணிப்பெண் வந்து விளக்குவார். பயந்தவருக்கு அதுவே போதும். ஜன்னலா, நடைவழியா என்பது பயத்தின் ரகத்தைப் பொறுத்தது. அடைத்து வைத்தது போல மூச்சு முட்டுகிறவருக்கு நடைவழி. ‘என்ன நடக்கிறதென்றே தெரியலையே’ என்று தவிப்பவருக்கு ஜன்னல், அதிலும் காலையில் இடது பக்கம்: வெயில் முகத்தில் அடிக்காது, கிளம்பிய கொஞ்ச நேரத்துக்கு நீலகிரி தெரியும், வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் நீர்த்தேக்கமும் தெரியும். நடு சீட் யாருக்கும் வேண்டாம்.

இனி சத்தங்கள். பாதிப் பயம் இங்கேதான் பிறக்கிறது. ஏர்பஸ்ஸில் உட்கார்ந்து, விமானம் இன்னும் நகராதபோதே தரைக்கு அடியிலிருந்து ‘வர்க்... வர்க்... வர்க்...’ என்று எதையோ அறுப்பது போலச் சத்தம் வரும். நடுவரிசைகளில் நன்றாகக் கேட்கும். சக்கரம் போன்ற பாகங்களை எண்ணெய் அழுத்தத்தால் அசைக்கும் ஹைட்ராலிக் அமைப்புகளில் இரண்டை இணைத்து, ஒன்றில் அழுத்தம் குறைந்தால் மற்றதிலிருந்து சக்தியை மாற்றித் தரும் கருவியின் சத்தம் அது. இன்ஜின் போடும்போது அது தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். ஒரே இன்ஜினில் தரையில் ஓட்டி வந்தாலும் கேட்கும். ஏசி துளைகளிலிருந்து வெள்ளையாகக் கொட்டுவது புகையில்லை, ஈரக்காற்று குளிர்ந்து பனியாகிறது, மழைக்காலத்தில் சாதாரணம். இரவில் கிளம்பும்போது விளக்கை மங்கலாக்குவது, அவசரத்தில் வெளியேற நேர்ந்தால் கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதற்காக. ஒவ்வொரு விமானத்திலும் செய்கிறார்கள்.

ரன்வேயில் ஓட்டம் முப்பது, நாற்பது விநாடி. ரன்வே நடுக்கோட்டு விளக்குகள் மேல் சக்கரம் ஏறினால் ‘டக் டக்’ என்று கேட்கும். மூக்குத் தூக்கியதும் தரை அதிர்வு நிற்கும். அடுத்த சில விநாடிகளில் காலடியில் ‘டொம்’: சக்கரங்கள் உள்ளே போய்க் கதவு மூடுகிறது. சுமார் 1,500 அடி வாக்கில், அதாவது கிளம்பி ஒரு நிமிடத்துக்குள், இன்ஜின் சத்தம் பட்டென்று குறையும். கூடவே உடம்பு முன்னால் சரிந்து, கீழே விழுவது போல இருக்கும். பயந்தவர்கள் அத்தனை பேரும் சொல்லும் கணம் இதுதான். டேக்-ஆஃபுக்குக் கொடுத்த கூடுதல் விசையை ஏறுவதற்கான விசையாகக் குறைக்கிறார்கள். விமானம் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, ஏறும் வேகம் கொஞ்சம் குறைகிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கு, வேகம் கூடுவது நிற்பதற்கும் மூக்குக் கீழே சாய்வதற்கும் வித்தியாசம் தெரியாது. வெளியே அடிவானம் தெரியாவிட்டால் மூளை காதை நம்பி, ‘விழுகிறோம்’ என்று முடிவுகட்டிவிடும். பிறகு ‘உய்ங்...’ என்று இழுக்கும் மோட்டார் சத்தம் இறக்கையின் பின்விளிம்பில் நீண்டிருக்கும் ஃபிளாப் தகடுகள் உள்ளே போவது. இதையெல்லாம் ஒரு சின்னத் தாளில் வரிசையாக எழுதி கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சத்தம் வந்ததும் பேனாவால் டிக் அடியுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த மனசுக்குக் கற்பனை செய்ய இடம் குறைவு.

“ஏனுங்க, றெக்கை இந்த ஆட்டம் ஆடுதே, ஒடஞ்சிராதுங்களா?” ஆடத்தான் வேண்டும். வளையாத இறக்கைதான் ஆபத்து. சேவையில் சந்திக்கக்கூடிய அதிகபட்சச் சுமை என்று எதைக் கணக்கிட்டிருக்கிறார்களோ, அதன் ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும் என்பது சான்றிதழ் விதி.

குலுங்கலில் விமானம் நூற்றுக்கணக்கான அடி விழுகிறது என்று தோன்றும். சாதாரணக் குலுங்கலில் உயரம் சில மீட்டர்தான் மாறும். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் மியான்மர் மேலே கடும் குலுங்கலில் சிக்கி ஒருவர் இறந்தபோது, சில நிமிடத்தில் 6,000 அடி விழுந்தது என்று செய்தி ஓடியது. முதற்கட்ட விசாரணை அறிக்கையின்படி அந்தக் கொந்தளிப்பில் இழந்த உயரம் 178 அடி. ஆறாயிரம் அடி, அதன்பிறகு விமானிகள் கட்டுப்பாட்டோடு இறக்கியது. காயமடைந்தவர்களில் பெல்ட் போடாமல் இருந்தவர்கள் கூரையில் போய் மோதினார்கள். அதனால் பெல்ட் விளக்கு அணைந்திருந்தாலும் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பின் மீது படியும்படி, இரண்டு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்கம் போதும். தொளதொளவென்று போட்டால் ஒவ்வொரு தூக்கலிலும் சீட்டை விட்டு எழும்பி, குலுங்கல் இரட்டிப்பாகத் தெரியும்.

2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்குப் பிறகு பயம் வந்தவர்களிடம் புள்ளிவிவரம் பேசிப் பிரயோஜனமில்லை. பயம் கணக்குப் பார்ப்பதில்லை, படம் பார்க்கிறது. அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதை, பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தாவது நிறுத்துவது உதவும்.

உடம்புக்கு வருவோம். பயத்தில் மூச்சு வேகமாகிறது, ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனி மரத்துப்போவது, தலை சுற்றுவது, நெஞ்சு இறுகுவது எல்லாம் அதனால். இது மாரடைப்பு என்று நினைத்தால் பயம் இன்னும் கூடும், மூச்சு இன்னும் வேகமாகும். (ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டே கிளம்ப வேண்டும்.) நாலு எண்ணி மூக்கால் இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள், ஐந்து நிமிடம். ஆழமாக இழுக்க முயலாதீர்கள், அது இன்னும் மோசமாக்கும். மெதுவாக விடுவதுதான் முக்கியம். கைப்பிடியை இறுக்குவதை விட்டு, உள்ளங்கையை மேல்நோக்கித் தொடையில் வையுங்கள். தசை இறுகினால் விமானத்தின் ஒவ்வொரு அதிர்வும் எலும்பு வரைக்கும் தெரியும். பாதித் தண்ணீர் உள்ள பாட்டிலை முன்னால் வைத்துப் பாருங்கள்: உடம்பு சொல்லும் ஆட்டத்துக்கும் தண்ணீர் ஆடும் ஆட்டத்துக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியும்.

காலை விமானத்தில் கெட்டுப்போவது பெரும்பாலும் வயிற்றால். மூன்று மணிக்கு எழுந்து, வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டு வந்தால், கை நடுக்கமும் படபடப்பும் காபியால் வருகிறதா பயத்தால் வருகிறதா என்று உடம்புக்கே தெரியாது. இரண்டு இட்லி சாப்பிடுங்கள், காபியைச் சென்னை போய்க் குடித்துக்கொள்ளலாம். முந்தின நாள் ராத்திரி தைரியத்துக்கென்று குடிப்பதும் வேண்டாம். போதை தெளியும்போது அது படபடப்பைக் கூட்டும். தெரிந்தவர் தந்த தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை கூடவே கூடாது. 1997-இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஆய்வு ஒன்றில், அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரையை எடுத்துக்கொண்டு பறந்தவர்களுக்கு அந்தப் பயணத்தில் பதற்றம் குறைந்தது. ஒரு வாரம் கழித்து மாத்திரையில்லாமல் பறந்தபோது, முதலில் மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்குத்தான் பீதித் தாக்குதல் அதிகம் வந்தது. பயம் அடங்குவதை மூளை தானாகக் கற்றுக்கொள்ள விடாமல் மாத்திரை தடுத்துவிடுகிறது. டிக்கெட் எடுத்துவிட்டு ரத்து செய்வதே வழக்கமாகிவிட்டதென்றால், சிந்தனை-நடத்தை சிகிச்சை தரும் மனநல நிபுணரைப் பாருங்கள். முதலில் யாரிடமாவது பேசினால் போதும் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

சேவையில் எங்கே மார்க் குறைக்கிறோம்? அறிவிப்பில். குலுங்கும்போது வருவது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மனப்பாடமாக ஒப்பிக்கும் இரண்டு வரி. திருப்பூரிலிருந்து மகனைப் பார்க்கப் போகும் அம்மாவுக்கு அதில் கேட்பது ‘பெல்ட்’ என்ற ஒரு சொல்தான். “கணவாய்க் காத்துங்க, பத்து நிமிசத்துல சரியாயிரும்” என்று கேப்டனோ பணியாளரோ தமிழில் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அது அமைவது அதிர்ஷ்டம். ஏறும்போதே வாசலில் நிற்பவரிடம், “எனக்குப் பறக்கப் பயமுங்க, குலுங்கினா ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று சொல்லிவையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்கள் அடிக்கடி கேட்கிற விஷயம். நெருக்கடி இல்லாத விமானத்தில் வந்து பேசுவார்கள்.

இறங்கும்போது தெரிந்திருக்க வேண்டியது ஒன்று: தரைக்குச் சில நூறு அடி இருக்கும்போது இன்ஜின் கர்ஜித்து, விமானம் செங்குத்தாக ஏறுவது போல மறுபடி மேலே போகலாம். கோ-அரவுண்ட் என்பார்கள். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயலன்று சென்னையில் ஒரு விமானம் தரையைத் தொட வந்து ஆடி மேலே ஏறிய வீடியோவைப் பார்த்து ஊரே பதறியது. உண்மையில் அது விமானி சரியாகச் செய்த வேலை. கோழிக்கோட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். சக விமானி கோ-அரவுண்ட் சொன்ன பிறகும் இறங்கினார்கள், ரன்வேயில் பாதி தூரம் தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. அதனால் உங்கள் விமானம் மறுபடி மேலே போனால், பதினைந்து, இருபது நிமிடம் தாமதம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் பயணத்துக்கும் காலையோ, ராத்திரி எட்டுக்கு மேலோ நல்லது. ஆடி மாதத்தில் கோவையில் இறங்கும் கடைசிப் பத்து நிமிடம் எப்படியும் உதறும். ஈர ரன்வேயில் ‘தொப்’பென்று அழுத்தி இறக்குவதும் வேண்டுமென்றேதான், தண்ணீர்ப் படலத்தை உடைத்துச் சக்கரம் பிடிப்பதற்கு. காது அடைப்பது இறங்கும்போதுதான் அதிகம். விமானம் இறங்கத் தொடங்கியதுமே புளிப்பு மிட்டாய் ஒன்றை வாயில் போட்டு எச்சில் விழுங்கிக்கொண்டே இருங்கள், சளி பிடித்திருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மனசு ஒப்பவில்லை என்றால் 2023 ஏப்ரலிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது. கோவையிலிருந்து சென்னைக்கு ஆறு மணி நேரத்துக்குள், திருப்பூர், ஈரோடு, சேலத்தில் நிற்கும். விமான நிலையத்துக்கு முன்கூட்டிப் போய்க் காத்திருக்கும் நேரம், மீனம்பாக்கத்திலிருந்து ஊருக்குள் போகும் நேரம் எல்லாம் கூட்டினால் மிச்சமாவது இரண்டு, இரண்டரை மணி நேரம். ஈரோட்டுக்காரர் கோவைக்கு வந்து விமானம் ஏறுவதில் அதுவும் மிச்சமாகாது.